கசக்கும் கிழங்கு

"அலோ… அலோ… ஆமா, நான்தேன். வியாகுலமேரிதேன்… ம், கேக்குது. கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரிக் கேக்குது… கேக்குதுன்னு சொல்றேன்ல!"

மரக் குழாயை இரண்டு கையாலும் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு நின்றாள் வியாகுலமேரி. சுவரில் அறைந்திருந்த பெட்டியின் நடுவிலிருந்து ஊமத்தம்பூப் போல ஒரு தகர வாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேராக வாயை வைத்துப் பேச வேண்டும் என்று பிச்சைமணி சைகை காட்டினார். கூடலூர்க் கீழ்முகாமில் டெலிபோன் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். அவள் வீட்டு வாசலுக்கே வந்து, "சமையல் சந்தேகம் கேக்கணுமாம், உம் புருசன் கூப்பிடுறாரு" என்று சிரித்துக்கொண்டே அழைத்து வந்திருந்தார்.

அவள் சிரிக்கவில்லை. மலை மேல், பெரியாற்று அணை வேலைக்குப் போகிற பாதையில் ஒரு சிறு முகாம். அங்கே டெலிபோனுக்குக் காவல் இருப்பது அவள் புருசன் சூசைமுத்து. மேலே மழை விட்டபாடில்லை. பாதை சரிந்து அரிசி வண்டிகள் அடிவாரத்திலேயே நின்றுவிட்டன. முகாமில் பண்ணைப்புரத்து ஒச்சாண்டியோடு சேர்த்து ஆறு பேர் குளிர்காய்ச்சலில் படுத்துவிட, சமையல்காரன் பயந்து ஓடிப்போனான். இத்தனையும் வழியிலேயே பிச்சைமணி சொல்லிவிட்டார்.

"சோறு வடிக்கக்கூடத் தெரியாதா உங்களுக்கு?… என்னது, அரிசியே இல்லையா?… நனைஞ்சு பூத்துப்போச்சா… ம்… ம்… சரி. பெறகு எதத்தேன் சமைக்கப் போறீக?… கெழங்கா? காட்டுக் கெழங்கா? யாரு தோண்டுனா?… நீங்களா!"

பிச்சைமணி வாயைப் பொத்திக்கொண்டார். அவளுக்கும் உதடு ஓரத்தில் எதுவோ அசைந்தது. அடக்கிக்கொண்டாள்.

"மம்பட்டி பிடிச்சா கைல கொப்புளம் வரத்தேன் செய்யும். வரட்டும்… ஆமா… ஆமா… கசக்குதா? காட்டு வள்ளிக்கெழங்கு சிலது கசக்கும்தேன், அதுக்கு ஏன் பதறுறீக? தோல நல்லாச் சீவி, வில்லை வில்லையா நறுக்கி, கொதிக்கிற தண்ணில போடுங்க. அந்தத் தண்ணிய வடிச்சுக் கொட்டிருங்க… ஆமா, கொட்டிரணும். மறுபடி தண்ணி ஊத்திப் புளியக் கரைச்சு விடுங்க. புளி இருக்கா?… உப்பு?… இருக்குல்ல, பெறகென்ன. அப்பயும் கசந்தா இன்னொரு தண்ணி மாத்துங்க… ராவுத்தர் கடைக் கொழம்பு மாதிரி வராதுதேன். என்ன செய்ய, நமக்குத் தெரிஞ்சது புளித்தண்ணிதான?"

மழைச் சத்தம் மட்டும் குழாய்க்குள் இரைந்தது.

உத்தமபாளையம் சந்தைக்குப் போகிற நாளெல்லாம் சூசைமுத்து ராவுத்தர் சோத்துக்கடையில் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு வருவான். வீட்டில் அவள் மூடி வைத்த சட்டி மூடியபடியே இருக்கும். "வயிறு சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவான். அதைக்கூட அவள் பொறுத்தாள். மலைக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், அனுமந்தன்பட்டியிலிருந்து அவளுடைய அண்ணனும் மதினியும் வந்திருந்தபோது, எல்லார் முன்னாலும் இலையைத் தள்ளிவிட்டு, "இது கொழம்பா, புளித்தண்ணி" என்று எழுந்து போனான். அவள் ஒரு சொல் பேசவில்லை. விடிந்ததும் அவனும் சொல்லாமல் மலையேறிவிட்டான். அதன் பிறகு இருவருக்கும் இடையே நடக்கும் முதல் பேச்சு இதுதான். இத்தனை நாளாக வாய்க்குள் வைத்திருந்த சொல்லைத் திருப்பி எறிந்தும் அவளுக்கு ஒரு சந்தோஷமும் உண்டாகவில்லை.

"…என்னது?… இல்ல, அத விடுங்க. அத இப்பப் பேச வேண்டாம். இது சர்க்கார் கம்பி… சரி, சரி. எம்புட்டுக் கெழங்கு இருக்கு? ஆறு பேருக்குக் காணுமா?… ஒல்லியாவா?… வெரல் தண்டியா… ம்… உருண்டையா இல்லையா?… வளைஞ்சு இருக்கா? எப்பிடி வளைஞ்சு?"

தகர வாய்க்கு இன்னும் கிட்டே போனாள்.

"…கலப்பை மாதிரியா?"

அவளுடைய அப்பா தோட்டத்து வேலியில் ஒரு கொடி இருந்தது. மழை விழுந்ததும் கிளம்பி, முள்ளைப் பிடித்து ஏறி, பூத்தால் வேலியே தீப்பிடித்த மாதிரி இருக்கும். ஆடு அந்தப் பக்கம் வாய் வைக்காது. அதன் கிழங்கை அரைத்துக் குடித்த ஒரு பெண்ணை அவள் பார்த்திருக்கிறாள். அப்போது அவளுக்குத் தாவணி போடாத வயது. செத்த அந்தப் பெண்ணைக் கோயில் வழியாகத் தூக்கிக்கொண்டு போனபோது ஊரில் ஒருவரும் சத்தம் போட்டு அழவில்லை.

"என்னாங்க… நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அந்தக் கொடி அங்கன கெடக்கா?… போயி அதோட எலையப் பாத்துட்டு வாங்க. எலையோட நுனிய… இப்பவேதேன். மழையில நனைஞ்சா பரவால்ல… குழாயக் கீழ போட்றாதீக, அப்பிடியே தொங்க விட்டுட்டுப் போங்க."

பிச்சைமணி என்ன என்பது போலப் பார்த்தார்.

"கண்வலிக் கெழங்கோன்னு பயமா இருக்குண்ணே" என்றாள்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே கீழ்முகாமில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அடிவாரத்தில் நின்ற வண்டி மாடுகள் அசை போட்டன. மலை மட்டும் இடுப்புக்கு மேல் கறுத்துக் கிடந்தது.

"…ஆ, சொல்லுங்க, சொல்லுங்க… சுருண்டு இருக்கா? நுனி சுருண்டு பக்கத்துக் குச்சியப் பிடிச்சுக்கிட்டு… ம்… பூ? பூ இருந்துச்சா?… செவப்பா… அடியில மஞ்சளா…"

கண்ணை மூடித் திறந்தாள்.

"அது வெசங்க. கண்வலிக் கெழங்கு அது. ஒருத்தரும் தொடக் கூடாது. அடுப்புல இருந்து சட்டிய எறக்குங்க. கொட்டுங்க… எத்தன தண்ணி மாத்துனாலும் போகாது! நான் சொன்னத மறந்துருங்க, நான் வேற கெழங்குன்னு நெனச்சுச் சொல்லிட்டேன். யாராச்சும் தின்னாகளா?… நல்லா நெனச்சுச் சொல்லுங்க. ஒச்சாண்டியண்ணன்?… மத்தவக?… ஒருத்தருக்கும் குடுக்கலையா? நெசமா?… மாதாவே…"

மூச்சு வந்தது. தகரப் பூவின் விளிம்பில் நெற்றியைச் சாய்த்தாள். சாய்த்த நெற்றி உடனே நிமிர்ந்தது. கசக்கிறது என்று சொன்னானே. யாரும் தின்னாமல் கசப்பது எப்படித் தெரிந்தது?

"நீங்க?… என்னாங்க, நீங்க தின்னீகளா?… நாக்கு நுனியில மட்டுமா?… துப்பிட்டீகளா?… நெசமாத் துப்பிட்டீகளா?"

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிற குரல் அது. இத்தனை மைல் கம்பியில் வந்தும் அது கொஞ்சமும் மாறவில்லை.

"எம்புட்டுத் தின்னீக?… அதக் கேக்கல. எம்புட்டுத் தின்னீக?… கத்தாம என்ன செய்ய… சும்மா வச்சுப் பாத்தேன்னு சொல்லாதீக… டேய் சூசைமுத்து! எம்புட்டுத் தின்ன, சொல்லு!"

பிச்சைமணி தலையைக் குனிந்துகொண்டார். தாலி கட்டிய நாளிலிருந்து அந்தப் பேர் அவள் வாயில் வந்ததில்லை. வந்ததை அவள் கவனிக்கவும் இல்லை.

"…ஒரு கும்பாவா… எப்ப?… இப்பத்தேனா, கூப்பிடுறதுக்குக் கொஞ்சம் முந்தியா?… ம்… ம்… அழுகாதீக. நான் சொல்றதக் கேளுங்க. காச்சக்காரவகளுக்குக் குடுக்கு முன்ன நீங்க தின்னதுக்கா அழுகுறீக? நேத்துலருந்து பட்டினி கெடந்தா யாருக்கும் கை நீளத்தேன் செய்யும். அதுக்கு ஒரு வெக்கமும் வேண்டாம். வெக்கப்படுறதுக்கு நேரமும் இல்ல. கேக்குதா?… உப்ப அள்ளுங்க. ஒரு கை நெறைய. தண்ணில கரைச்சுக் குடிங்க, கொமட்டுற வரைக்கும் குடிங்க. பெறகு தொண்டையில வெரல விட்டு வாந்தி எடுங்க… ஒரு தடவ இல்ல. வெறும் தண்ணி வர்ற வரைக்கும் எடுக்கணும். மொதல்ல அந்தச் சட்டியக் கொட்டிட்டு… அலோ? சட்டியக் கொட்டிட்டுப் போங்க! அலோ!"

அவன் போய்விட்டான். குழாய் அங்கே கம்பியில் தொங்கி ஆடுவது இங்கே 'டக், டக்' என்று கேட்டது. அதற்கு அப்பால் மழை. மழைக்கும் அப்பால் ஒரு மனிதன் குடலைப் பிடுங்கிக்கொண்டு ஓங்கரிக்கிற சத்தம். அவள் அதை எண்ணெய் காய்வதைக் கேட்கிற மாதிரி உன்னிப்பாகக் கேட்டாள்.

பிச்சைமணி கம்பவுண்டரை அழைத்துவர வெளியே ஓடினார்.

அப்போதுதான் வேறொரு சத்தம் வந்தது. கால் இழுபடும் சத்தம். பிறகு, சட்டி மூடி உரசுகிற சத்தம்.

"யாரது?… யாரு அங்கன? அடுப்புக்கிட்ட யாரு?… இந்தா, சொவத்துல தொங்குதே ஒரு குழாய், அதுலருந்துதேன் பேசுறேன்! அத எடுத்துக் காதுல வைங்க! தொடாதீக, சட்டியத் தொடாதீக!… யய்யா, யாரா இருந்தாலும் சரி, அந்தக் குழாய எடுங்க!"

கத்திக் கத்திக் குரல் கம்மியது. அங்கே அது ஒரு பூச்சியின் கிறீச்சலாகத்தான் கேட்டிருக்க வேண்டும். மூடி உரசும் சத்தம் நின்றது. 'டக், டக்' என்ற ஆட்டமும் நின்றது. யாரோ கனமாக மூச்சு விட்டார்கள்.

"…ஒச்சாண்டியண்ணனா? பண்ணைப்புரத்து ஒச்சாண்டியண்ணனா?… பேயில்லண்ணே, மனுசிதேன். டெலிபோன்காரரு வீட்டுக்காரி. கூடலூர்லருந்து பேசுறேன்… ஆமா, கம்பி வழியா. பயப்படாதீக. இன்னைக்குத்தேன் நானும் இத மொதமொதல்லப் பிடிக்கிறேன்… அண்ணே, கைல என்ன வச்சிருக்கீக?… கும்பாவா. கீழ வைங்க. அந்தக் கெழங்கு வெசம்ணே."

இப்போது மேலே இன்னும் சில குரல்கள் சேர்ந்துகொண்டது மங்கலாகக் கேட்டது. காய்ச்சல் படுக்கையிலிருந்து எழுந்து வந்தவர்களாக இருக்கும்.

"…ஒளிச்சு வைக்கச் சொல்லலண்ணே. அவுகளுக்கு மட்டும் வேணும்னு நெனச்சு நான் சொல்லல… தின்னாக. அது நெசந்தேன். உங்களுக்குக் குடுக்காம அவுக மொதல்லத் தின்னாக. அது தப்புத்தேன், நான் மறைக்கல. அதுக்குத்தேன் இப்ப வெளிய கெடந்து படுறாக. அந்தச் சத்தம் கேக்குதா இல்லையா?… சாராயம் குடிச்சுட்டு வாந்தி எடுக்கலண்ணே, அங்கன குடிக்கிறதுக்கு என்ன இருக்கு?… வேகவச்சா போகாதுண்ணே. நானும் அப்பிடி நெனச்சுத்தேன் வழி சொல்லிட்டேன், அது எந் தப்பு. எலையப் பாருங்க, பூவப் பாருங்க… ராத்திரி தோண்டிக் கொண்டாந்தப்பப் பாத்தா எப்பிடித் தெரியும், இப்பப் பாருங்க…"

ஒச்சாண்டி எதுவோ நீளமாகச் சொன்னார். கேட்கக் கேட்க அவள் கண் நிறைந்தது. குரலில் மட்டும் அதைக் காட்டவில்லை.

"…அப்பிடிச் சொல்லாதீகண்ணே. காச்சல்ல போறதுக்கு வயிறு நெறைஞ்சு போகலாம்னு சொல்லாதீக. அந்தச் சாவு எப்பிடின்னு நான் பாத்துருக்கேன். வயிறு நெறைஞ்ச சாவு இல்ல அது. கையும் காலும் இழுத்துக்கிட்டு, தண்ணி தண்ணின்னு கேட்டு, குடுத்த தண்ணி எறங்காம… வேண்டாம்ணே. உங்களுக்கு அது வேண்டாம்… மத்தவக என்ன சொல்றாக? கரண்டிய வாங்கிருங்க அவுக கைலருந்து. வாங்குங்கண்ணே!"

கம்பவுண்டரோடு பிச்சைமணி வாசலில் வந்து நின்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் சோறு கொண்டாரேன். கேக்குதா? நான் கொண்டாரேன்… வேற யாரையும் அனுப்பல, நாந்தேன் வாரேன்… பாதை சரிஞ்சது தெரியும். வண்டிக்குத்தேன் வழியில்ல, காலுக்கு இருக்கும். இல்லாட்டி கையி இருக்கு… பொழுது விழுகு முன்ன வந்துருவேன். ஆமா… ஆமா… அண்ணே, எம் மூஞ்சிய நீங்க பாத்ததில்ல. நான் யாருன்னு தெரியாது. ஆனாலும் ஒரு பொழுது எனக்காகப் பொறுங்க. அந்தச் சட்டியக் கொட்டிட்டுப் பொறுங்க."

பிச்சைமணி, முடியாது என்று தலையை ஆட்டினார். சரிவில் ஆள் நடந்து நாளாகிறது, மேஸ்திரிகளே மழை விடட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மெல்லச் சொன்னார். அவள் பேசாதிருக்கும்படி கை காட்டினாள். காதுக்குள் மழை இரைந்தது. மேலே யாரும் பேசவில்லை. பசித்த ஆறு பேர் ஒரு சட்டியைச் சுற்றி நிற்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

திடீரென்று குழாய்க்குள் ஒரு பெரிய சத்தம். வெண்கலச் சட்டி கல்லில் மோதி உருண்டு, உருண்டு, எங்கோ போய் நின்றது.

"அண்ணே?… அண்ணே! என்ன ஆச்சு?… கொட்டிருச்சா?… எத்தி விட்டீகளா! கால்ல பட்டுருச்சா?… பச்சத் தண்ணிய ஊத்துங்க… ஆமா… நல்லாருப்பீகண்ணே. நீங்க நல்லாருப்பீக… அவுக வாராகளா? நிக்கிறாகளா, நிக்க முடியுதா?… குழாய அவுககிட்டக் குடுங்க."

குழாய் கை மாறியது. பிச்சைமணி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தால் தகரப் பூ எட்டாது என்பதால் நின்றாள்.

"…என்னாங்க… ம்… எத்தன தடவ எடுத்தீக?… கெழங்கு வந்துச்சா? வில்லையாவே வந்துச்சா?… பூராவும் வந்துருச்சா, இல்ல தெரியலையா?… சரி, இன்னொரு தடவ எடுங்க. எரிஞ்சாலும் எடுங்க… வாயி மரத்துருக்கா… கம்பவுண்டரு இங்கன வந்துட்டாக. அவுகளையும் கூட்டிக்கிட்டுத்தேன் வாரேன். மல்லாக்கப் படுக்காதீக, ஒருக்களிச்சுப் படுங்க. ஒச்சாண்டியண்ணனப் பக்கத்துல இருக்கச் சொல்லுங்க… அவருக்குக் கோவமெல்லாம் இல்ல… வர வேண்டாமா? யாரு கேட்டா உங்கள?… வழுக்கும்தேன். விழுந்தா எந்திரிப்பேன். நீங்க சொல்லி நான் கேக்குற நாளு இன்னைக்கு இல்ல."

மலை மேல் மின்னியது. ஜன்னல் வழியே அதைப் பார்த்த பிச்சைமணி, "சீக்கிரம் முடி தாயி, இடி இறங்குனா கம்பிய நம்ப முடியாது" என்றார்.

"…என்னது? சத்தமாச் சொல்லுங்க… அன்னைக்கு எலையத் தள்ளுனதா?… வேண்டாம். இப்பச் சொல்லாதீக… சொல்லாதீகன்னு சொல்றேன்ல! இப்பச் சொன்னா போகப் போறவக பேசுற மாதிரி இருக்கு. நான் வந்தப்பெறகு நேர்ல சொல்லுங்க. எம் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க. அதுக்காகவாச்சும் முழிச்சுக் கெடக்கணும், தெரியுதா?… கண்ண மூடக் கூடாது… மூட மாட்டேன்னு சொல்லுங்க… சொல்லுங்க… அலோ?… என்னாங்க?… அலோ!"

காதில் அறைந்தாற்போல் ஒரு வெடிப்பு. அதன் பிறகு குழாயில் மழைச் சத்தம்கூட இல்லை.

பிச்சைமணி கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவள் காத்திருக்கவில்லை. நின்றுபோன வண்டியிலிருந்து சுமக்க முடிந்த அரிசியை மூட்டையாக்கி முதுகில் கட்டிக்கொண்டாள். சரிவின் ஓரத்தில் கம்பவுண்டர் தயங்கி நின்றார். அவள் சேலையை வரிந்து கட்டி, சேற்றில் கை ஊன்றித் தவழ்ந்து முதலில் கடந்தாள். அதைப் பார்த்துவிட்டு மேஸ்திரிகள் இரண்டு பேர் மூட்டையோடு பின்னால் வந்தார்கள்.

பொழுது மேற்கே இறங்குகிறபோது முகாம் கூரை தெரிந்தது. சூசைமுத்து சுவரோரம் ஒருக்களித்துக் கிடந்தான். கண் திறந்திருந்தது. அவன் சொல்ல வேண்டியதைச் சொன்னான். அது என்ன என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. பல நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தான். பிறகு தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. கிறிஸ்துமசுக்குள் முடி மறுபடி முளைத்தது. உயிர் தங்கிவிட்டது.

அன்று மாலை கம்பவுண்டர் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் அடுப்பை மூட்டினாள். குழையக் கஞ்சி காய்ச்சி உப்புப் போட்டு இறக்கினாள். காலில் ஈரத்துணி சுற்றிய ஒரு நெட்டை மனிதர் கும்பாவோடு முதலில் வந்தார். கேட்காமலே அவர்தான் ஒச்சாண்டி என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் பின்னால் மற்றவர்கள் கம்பளியைப் போர்த்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். ஊற்றினாள். ஆவி பறந்தது. ஒருவரும் வாய் வைக்கவில்லை.

ஒச்சாண்டி தன் கும்பாவை இரண்டு கையாலும் எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் வாங்கி, எல்லோரும் பார்க்க, பெரிதாக ஒரு வாய் குடித்தாள். சூடு தொண்டையில் இறங்கியபோதுதான் காலையிலிருந்து தானும் எதுவும் சாப்பிடவில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது. இன்னொரு வாய் குடித்தாள். அதற்குள் சுற்றிலும் கஞ்சி உறிஞ்சும் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.